ஒன்றும் செய்யாத நாள்

டாக்டர், அன்றைக்கு உங்கள் அறையில் நான் பாதியைத்தான் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் என் கணவர் ரோமால்ட் இருந்தார், அவர் முன்னால் மீதிப் பாதியைச் சொல்ல முடியவில்லை. நல்ல மனுஷர்தான். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் வீட்டில் நடக்கிற எதையும் தன் அக்காவிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அக்கா காதுக்குப் போனால் தூத்துக்குடி முழுக்கப் போன மாதிரி.

அதனால் எழுதுகிறேன். அவருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்டு. ஜோவிட்டா தூங்கிவிட்டாள். என் கையெழுத்து புரியாதோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், கான்வென்ட்டில் எங்களுக்கு அதை மட்டும் நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள்.

டாக்டர் என்று கூப்பிட வேண்டாம், நான் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத மாட்டேன் என்று சொன்னீர்கள். இருந்தாலும் எனக்கு டாக்டர் என்றுதான் வருகிறது. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து, வெளியே அவ்வளவு நேரம் காத்திருந்து உள்ளே வந்தால், நீங்கள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் மகளோடு களிமண் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். படி இறங்கும்போது ரோமால்ட் கேட்டார், "இதுக்கா நான் லீவு போட்டேன்?" எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு மருந்து, ஒரு ஊசி, இன்ன வியாதி என்று ஒரு பெயர், இப்படி ஏதாவது கையில் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று வந்தவள் நான்.

உங்களுக்கு முன்னால் பார்த்தவர்களைப் பற்றியும் சரியாகச் சொல்லவில்லை. முதலில் இங்கே ஒரு குழந்தை டாக்டர். பூச்சி மருந்து கொடுத்தார். வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளைகள் கடிக்குமாம். பிறகு தலைக்கு வயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நார்மல் என்று கேட்டவர்கள் எல்லாம் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு போனார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்து அழுதேன். தலைக்குள் ஒன்றும் இல்லையென்றால் பிறகு எங்கேதான் இருக்கிறது? சொல்லுங்கள். மனசில் என்றுதானே அர்த்தம்? ஆறு வயதுப் பிள்ளைக்கு மனசில் அப்படி என்ன இருக்க முடியும்?

அவளைப் பார்த்தீர்கள் இல்லையா. எப்படி இருந்தாள்? கால் மேல் கால் போடாமல், கேட்டதற்குப் பதில் சொல்லி, போகும்போது "தேங்க்யூ ஆன்ட்டி" என்று சொல்லி. எல்லாரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். "இந்தப் பிள்ளையா?" என்பார்கள். இந்தப் பிள்ளைதான். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பின்னலை ரிப்பனோடு சேர்த்துக் கத்தரித்தது இந்தப் பிள்ளைதான். இன்னொருத்தியின் ஷூவைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். ஒரு நாள் மிஸ் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் அவர் சேலையில் இங்க் ஊற்றினாள். கோபம் வந்து செய்தாலாவது புரியும் டாக்டர். யாரும் அவளை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், சண்டை கிடையாது. எழுந்து போவாள், செய்வாள், வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

மிஸ் ஒரு விஷயம் சொன்னார். எல்லாம் கடைசிப் பீரியடில்தானாம். காலையில் இவளைப் போல ஒரு பிள்ளை கிடையாதாம். நேரம் ஆக ஆக முகம் மாறுமாம், சுற்றிச் சுற்றிப் பார்ப்பாளாம், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. பசியாக இருக்கும் என்று நான் சாயங்காலத்துக்கென்று தனியாக ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டேன். பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தோலைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் புத்தகப் பைக்குள் வைத்து மிதித்திருக்கிறாள்.

அவள் படிப்பது நான் படித்த ஸ்கூல். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் எனக்கும் பாடம் எடுத்தவர். என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பிளாவியா, நீ எங்க பிள்ளை. அதனாலதான் சொல்லுதேன். மத்த பேரன்ட்ஸ் எல்லாம் சேந்து வாரதுக்கு முன்னால ஏதாவது பாரு. இல்லேன்னா ஜூன்ல நான் அவள உள்ள எடுக்க முடியாது." அவர் முன்னால் நான் ஒன்பதாம் வகுப்பில் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

இதை ரோமால்ட் தன் அக்காவிடம் சொல்ல, ஜெர்மானா மதினி மறுநாளே வந்துவிட்டார். மதினிக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு வழி உண்டு. முதல் வழி, கோயிலுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் பூசி ஜெபிப்பது. அதையும் செய்தோம். எண்ணெய் பூசிய சாமியாரின் விரலை ஜோவிட்டா பிடித்து நக்கிவிட்டுச் சிரித்தாள். இரண்டாவது வழி, போர்டிங். மலைப்பக்கம் ஒரு இடம் இருக்கிறதாம், சிஸ்டர்கள் கண்டிப்பானவர்களாம், மதினியின் சிநேகிதி மகள் அங்கே போய் ஆறே மாதத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டாளாம். "ஏ பிளாவி, நீயும் போர்டிங்ல வளந்தவதான. கெட்டா போயிட்ட?" என்று கேட்டார்.

உண்மைதான். நான் கெட்டுப்போகவில்லை. அம்மா செத்தபோது எனக்கு இவள் வயதுதான். அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருகிறவர், என்னை வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. கல்லூரிக்குப் போகிறவரைக்கும் போர்டிங்கில் இருந்தேன். ஒழுக்கமாக வளர்ந்தேன். இன்றைக்கு உப்புக் கம்பெனி ஆஃபீஸில் என் டேபிளைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள், அவ்வளவு சுத்தம். ஆனால் இவளை அனுப்ப மட்டும் எனக்கு மனசு வரவில்லை. ஏனென்று ரோமால்ட் கேட்டார், சொல்லத் தெரியவில்லை. "அப்போ அந்தப் பாளையங்கோட்டை அம்மாவையும் பாத்துருவோம். அவங்களும் ஒண்ணும் சொல்லலன்னா ஜூன்ல போர்டிங்" என்றார். சரி என்றேன். என் நிலைமை உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் பிள்ளை போய்விடுவாள்.

நான் அவளை வளர்க்கவில்லை, வேலைக்குப் போய்விடுகிறேன் என்று மதினி சொல்வதை நம்பாதீர்கள். உங்களிடமும் போனில் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கும்போதெல்லாம் தூக்கிக் கொஞ்சினால் பிள்ளைகள் தலையில் ஏறிக்கொள்ளும். எங்கள் பெர்பெத்துவா சிஸ்டர் அடிக்கடி சொல்வார், அன்பை அளந்து கொடு, அப்போதுதான் அதற்கு மரியாதை என்று. போர்டிங்கில் எங்களுக்கு எல்லாம் அவர்தான்.

வளர்க்காமலா அவள் பொய் சொல்லாமல் இருக்கிறாள்? இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். ஜோவிட்டா பொய் சொல்ல மாட்டாள். நாலு வயதில் ஒரே ஒரு தடவை சொன்னாள். சாக்லேட்டைத் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்றாள். வாயெல்லாம் சாக்லேட். நான் அடிக்கவில்லை. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் சேலையைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றினாள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அவள் வாயில் ஒரு பொய் வந்ததில்லை. வேறு எந்தத் தாய் இப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள்.

ஆத்தும சோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். ரோமால்ட் இருந்ததால் அதையும் சுருக்கமாகச் சொன்னேன். அது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை டாக்டர். நீங்கள் பொட்டு வைத்திருந்தீர்கள், எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று அன்றைக்கு நானாக நினைத்துக்கொண்டேன். தூங்கப் போவதற்கு முன்னால் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, செய்த தப்பைக் கடவுளிடம் சொல்வது. அவ்வளவுதான். போர்டிங்கில் மாதா சுரூபத்துக்கு (சிலையை அப்படித்தான் சொல்வோம்) முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்போம். ஒவ்வொருத்தியும் ஒரு தப்பு சொல்ல வேண்டும். சொன்னவளின் தலையில் பெர்பெத்துவா சிஸ்டர் கையை வைத்து நெற்றியில் சிலுவை போடுவார். கை கதகதவென்று இருக்கும். நாள் முழுக்க நம்மை யாராவது தொடுவது என்றால் அந்த ஒரு நேரம்தான். ஒன்றும் இல்லை என்று சொன்னால் விட மாட்டார், கர்வம் பிடித்தவள் என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். அதனால் நாங்கள் சாப்பிடும்போதே பேசி வைத்துக்கொள்வோம். நீ சீனி எடுத்தேன் என்று சொல், நான் பூசையில் தூங்கினேன் என்று சொல்கிறேன், நேற்று நான் சொன்னதை இன்றைக்கு நீ எடுத்துக்கொள். எடுக்காத சீனியை எடுத்ததாகச் சொல்லி எத்தனை நாள் சிலுவை வாங்கியிருக்கிறோம் தெரியுமா. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அதைத்தான் வீட்டிலும் வைத்திருக்கிறேன். அவள் ஸ்கூலில் சேர்ந்ததிலிருந்து. ஏழரை மணிக்கு டிவியை நிறுத்திவிடுவேன், போனை உள்ளே வைத்துவிடுவேன். நானும் அவளும் மட்டும். வீட்டு மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நிற்போம். அவள் சொல்வாள். சொல்லி முடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, "இயேசப்பா மன்னிச்சிட்டாரு, மம்மியும் மன்னிச்சிட்டேன்" என்று சொல்லி மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். அப்படியே என் கழுத்தில் முகத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். அவ்வளவு சேட்டை செய்கிற பிள்ளை அந்த நேரத்தில் பச்சைப்பிள்ளை மாதிரி இருப்பாள். அந்த ஒரு நேரம் இல்லையென்றால் நான் எப்போதோ பைத்தியமாகியிருப்பேன்.

ஆரம்பத்தில் இட்லியில் பாதி வைத்துவிட்டேன், பென்சிலைக் கடித்தேன் என்று சொல்வாள். இதெல்லாம் ஒரு தப்பா, இது போதாது, நல்லா யோசித்துச் சொல் என்பேன். யோசிப்பாள். ஒன்றும் வராது, அழுவாள். எங்களைப் போல இல்லாததைச் சொல்ல இவளுக்குத் தெரியாது, அதுதான் சொன்னேனே, இவள் பொய் சொல்ல மாட்டாள். பிறகு போகப் போக அவளுக்கே பழகிவிட்டது. யோசிக்க வேண்டியதே இல்லை. முழங்கால் போடும்போதே தயாராக வைத்திருப்பாள்.

இப்போது கீழ் வீட்டுக் குழந்தை விஷயம். இதைத்தான் நான் சொல்லவில்லை.

கீழே மாரிச்செல்வி குடியிருக்கிறாள். அவள் மகன் தர்ஷனுக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது. மாடிப்படியில் தவறி விழுந்து கை உடைந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். ஜோவிட்டா அப்போது பக்கத்தில் நின்றாள் என்று சொன்னேன். தவறி விழவில்லை. அன்று ஏழரைக்கு முழங்காலில் நின்று, "தர்ஷன நான்தான் மம்மி தள்ளினேன்" என்றாள். ஏன் தள்ளினாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மெதுவாத்தான் தள்ளினேன்" என்றாள்.

அன்று அவளை நான் மடியிலிருந்து இறக்கவே இல்லை. அவளை இறக்கிவிட்டால் போலீஸ், மாரிச்செல்வி, மதினி எல்லாரும் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் போல இருந்தது. விடிகிறவரைக்கும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள். அவள் பிறந்த பிறகு அவ்வளவு நேரம் நான் அவளை வைத்திருந்தது அன்றைக்குத்தான்.

காலையில், யாரிடமும் சொல்லாதே என்றேன். "அது பொய் இல்லையா மம்மி?" என்றாள். யாராவது கேட்டு இல்லை என்று சொன்னால்தான் பொய், கேட்காவிட்டால் பொய் இல்லை என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? சத்துமாவும் பழமும் வாங்கிக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்த்தேன். தினமும் போகிறேன். மாரிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டாக்கா" என்றாள். அந்தக் கையைத் திரும்ப இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிலிருந்துதான் எனக்குப் பயம். முதலில் பென்சில், பிறகு பின்னல், பிறகு குழந்தையின் கை. அடுத்தது என்ன? தினமும் ஆஃபீஸில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்னால் மாதாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அறையில் கடைசியாக என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ரோமால்ட் ஜோவியைக் கூட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே, காது கேட்கிற தூரத்தில் போய் நின்ற பிறகு. அவளை எப்போது மடியில் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டீர்கள். ஜெபத்தில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவ ஒண்ணுமே செய்யாத நாள்ல?" என்று கேட்டீர்கள். அப்படி ஒரு நாளே இல்லையே டாக்டர் என்றேன். "அப்படி ஒரு நாள் வந்தா, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்கு அவசியம் சொல்லுங்க" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளை ஒரு குழந்தையின் கையை உடைத்திருக்கிறாள், இவர் ஒன்றும் செய்யாத நாளைப் பற்றிக் கேட்கிறாரே என்று. பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நாள் இன்றைக்கு வந்தது.

சனிக்கிழமை, எனக்கும் லீவு, அவளுக்கும் லீவு. இன்று முழுக்க அவள் மேலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவள் குளித்தால் கதவருகில் நின்றேன். படம் வரைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தேன். கீழே போய்த் தர்ஷனைப் பார்க்கட்டுமா என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். தன் பந்தை அவனுக்கே கொடுத்துவிட்டு வந்தாள். துணி மடிக்க உதவி செய்தாள். மத்தியானம் சோற்றில் ஒரு பருக்கை மிச்சமில்லை. ரோமால்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "என்ன, பாயில உருட்டின களிமண்ணு வேலை செய்யுதோ" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஜூனுக்குள் சரியாகிவிடும், போர்டிங் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் வசனம் எல்லாம் தயார் செய்தேன்.

சாயங்காலம் ஆனதும் அவள் ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். மணி என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டாள். பாத்ரூமுக்குப் போகிறேன் என்றாள், நானும் கூடப் போனேன். சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள், நானே எடுத்துக் கொடுத்தேன். "ஏழரை ஆயிட்டா மம்மி?" என்று கேட்டபோது அவள் உதடு துடித்தது. பசியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றோம். இன்றைக்கு என்ன என்று கேட்டேன். அவள் வெகுநேரம் சுரூபத்தையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "இன்னைக்கு ஒண்ணும் இல்ல மம்மி."

நல்லா யோசித்துப் பார் என்றேன். பழக்கத்தில் சொல்லிவிட்டேன். யோசித்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குட் கேர்ள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அப்போ போய்ப் படுத்துக்கோ என்று எழுந்து மெழுகுவர்த்தியை அணைக்கப் போனேன். ரோமால்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அவள் எழுந்திருக்கவில்லை. "மடி?" என்றாள்.

நீதான் இன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லையே, மன்னிக்க என்ன இருக்கிறது, போய்ப் படு கண்ணு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன் டாக்டர். கடிந்துகொள்ளவில்லை.

எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், ஸ்டூலைப் போட்டு ஏறி, காலைக்கு வைத்திருந்த பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்து இறங்குகிறாள். சிந்திவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இறங்கினாள். தரையில் நின்று, பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினாள். கடைசிச் சொட்டு வரைக்கும். பாத்திரத்தை சிங்க்கில் வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வந்து பழைய இடத்திலேயே முழங்கால் போட்டாள். கையைக் கூப்பினாள்.

"பாலைக் கொட்டிட்டேன் மம்மி. வேணும்னுதான் கொட்டினேன்."

நான் அசையவில்லை. என்னால் முடியவில்லை. பால் ஓடி வந்து என் பாதத்தை நனைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு மிஸ் முகத்தைப் பார்க்கிற பிள்ளை எப்படிப் பார்க்கும், அப்படி.

"இது போதுமா மம்மி?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தனக்குள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். "இருங்க, வாரேன்" என்றாள். பால்கனிப் பக்கம் போனாள். அங்கே கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருக்கிறேன். அதற்கு நேர் கீழே, வாசலில், இந்த நேரத்தில்தான் மாரிச்செல்வி குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவாள். அவள் பாட்டு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பாலில் வழுக்கி, முழங்கால் இடித்து, எழுந்து ஓடி, அவள் கை பூந்தொட்டியில் படுவதற்குள் பின்னாலிருந்து அப்படியே அள்ளித் தூக்கிவிட்டேன். தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிலுவை போடவில்லை, ஜெபம் சொல்லவில்லை. மூச்சுதான் வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு. அவள் உடம்பு முதலில் விறைத்துக்கொண்டது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஏதோ தப்பாக நடந்துவிட்டது, வரிசை மாறிவிட்டது என்கிற மாதிரி.

"நான் இன்னும் ஒண்ணும் செய்யலியே மம்மி" என்றாள்.

அவளை நான் இறக்கவில்லை டாக்டர். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தரையைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

மதினி போன் செய்தார். போர்டிங் சிஸ்டரிடம் பேசிவிட்டாராம், திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாமாம். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது, போர்டிங்குக்கு அவள் போகமாட்டாள் என்று சொன்னேன். மதினியிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை.

நீங்கள் எங்களுக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அதுவரைக்கும் என்னால் இருக்க முடியாது. திங்கட்கிழமை காலையில் வந்து இந்தக் கடிதத்தை உள்ளே கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் எப்போது கூப்பிட்டாலும் சரி. ஜோவிட்டா ஸ்கூலுக்குப் போகட்டும். நான் மட்டும் வருகிறேன்.